பாட்டு பிளேயரின் அமைப்புகளைப் புது லேப்டாப்புக்கு மாற்றுவது: மைக் செட்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்து மைக் செட்காரர்கள் பலரும் இப்போது லேப்டாப்பில்தான் பாட்டுப் போடுகிறார்கள். லேப்டாப்பை மாற்றும்போது பாட்டுகள் ஒழுங்காக வந்துவிடுகின்றன. வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த பிளேலிஸ்ட், குழாய் ஸ்பீக்கருக்கென்று திருத்திய ஈக்வலைசர் (ஒலிப்பட்டைகளை ஏற்றி இறக்கும் அமைப்பு), கை பழகிய ஷார்ட்கட் சாவிகள் ஆகியவைதான் வருவதில்லை. அதைப் பற்றி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஃபூபார் 2000, வின்ஆம்ப் என்ற பிளேயர்கள் இரண்டையும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். என் கைக்கு வரும் மெஷின்களில் இவைதான் அதிகம். வீட்டில் கச்சேரி கேட்பவர்களுக்கும் இதே வழிதான். ஃபோல்டர், பைல் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

பிளேயர் இருந்த ஃபோல்டரையே முழுசாக பென் டிரைவில் எடுத்து வந்தேன். திறந்தால் புதுசாகப் போட்டதுபோல வெறுமையாக நிற்கிறதே?

நீங்கள் எடுத்து வந்தது புரோகிராம் மட்டும். விண்டோஸில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் சாதாரண புரோகிராம்கள் தங்கள் விருப்பத்துக்கு எழுத முடியாது; விஸ்டா காலத்திலிருந்தே அப்படித்தான். அதனால் நீங்கள் மாற்றிய எல்லாவற்றையும் பிளேயர் வேறு இடத்தில், உங்கள் பயனர் கணக்குக்குள் எழுதி வைக்கிறது. சி டிரைவில் ‘யூசர்ஸ்’, அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் ‘ஆப்டேட்டா’, அதற்குள் ‘ரோமிங்’. நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

ஒரே லேப்டாப்பில் அப்பா ஒரு கணக்கும் பிள்ளை ஒரு கணக்கும் வைத்திருந்தால் இருவருக்கும் தனித்தனி அமைப்பு இருக்கும். எந்தக் கணக்கில் உட்கார்ந்து பாட்டுப் போட்டீர்களோ அந்தக் கணக்கில் நுழைந்து எடுங்கள்.

அந்த ‘ஆப்டேட்டா’ என் கண்ணில் படவில்லையே அண்ணே.

அது மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர். விண்டோஸ் சாவியோடு ‘ஆர்’ அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நேராக ரோமிங்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கிய பிளேயர் என்றால் ரோமிங்கில் தேடிப் பயனில்லை. ‘ஆப்டேட்டா’வுக்குள் ‘லோக்கல்’, அதற்குள் ‘பேக்கேஜஸ்’ என்ற இடத்தில் பிளேயர் பெயரில் நீளமான ஃபோல்டர் ஒன்று இருக்கும்.

எந்த பிளேயருக்கு எந்த ஃபோல்டர்?

ஃபூபார் 2000 முதல் தலைமுறை என்றால் ரோமிங்கில் ‘ஃபூபார்2000’ என்ற ஃபோல்டர். 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு என்றால் அதன் பின்னால் ‘வி2’ ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுமே இருந்தால் பழையது அப்கிரேட் செய்த காலத்து மிச்சம். தேதி பார்த்துப் புதியதை எடுங்கள். உள்ளே எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்க வேண்டாம். ஃபோல்டர் மொத்தமும் வரட்டும்.

வின்ஆம்ப்புக்கு ரோமிங்கில் ‘வின்ஆம்ப்’. அதில் ஐஎன்ஐ என்று முடியும் பைல் பொது அமைப்புகளுக்கு, ‘க்யூ1’ என்று முடிவது நீங்கள் சேமித்த ஈக்வலைசர் பிரீசெட்களுக்கு, அதாவது பெயரிட்டு வைத்த அளவுகளுக்கு. உள்ளே ‘ப்ளகின்ஸ்’ ஃபோல்டரில் ‘எம்எல்’ என்று ஒன்று இருக்கும். லைப்ரரியும் சேமித்த பிளேலிஸ்ட்களும் அங்கே. ஆனால் ஸ்கின்களும் தனியாகச் சேர்த்த ப்ளகின்களும் புரோகிராம் ஃபைல்ஸ் பக்கம் இருக்கும் வின்ஆம்ப் ஃபோல்டரில் கிடக்கும். அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மியூசிக்பீ வைத்திருப்பவர்கள் ரோமிங்கில் உள்ள அதன் ஃபோல்டரோடு, ‘மியூசிக்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘மியூசிக்பீ’ ஃபோல்டரையும் சேர்த்து எடுக்கவும்; லைப்ரரி பைல் இரண்டாவதில் இருக்கிறது. வி.எல்.சி.க்கு ரோமிங்கில் ‘விஎல்சி’, அவ்வளவுதான்.

பிளேயரில் இல்லாமல் கம்ப்யூட்டர் முழுவதற்குமாக ஈக்வலைசர் ஏபிஓ போட்டிருக்கிறீர்களா? அது மட்டும் விதிவிலக்கு. அதன் அமைப்பு புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே, ‘கான்ஃபிக்’ என்ற ஃபோல்டரில் சாதாரண டெக்ஸ்ட் பைலாக இருக்கிறது. புது மெஷினில் நிறுவி, எந்த ஒலிக்கருவிக்கு வேலை செய்ய வேண்டும் என்று மறுபடி தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்த பிறகு அந்த ஃபோல்டரை மாற்றி வையுங்கள்.

சரி, எந்த வரிசையில் செய்வது?

முதலில் பழைய மெஷினில் பிளேயரை முழுசாக மூடுங்கள். மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒளிந்துகொண்டிருந்தால் அது மூடியதாகக் கணக்கில்லை. பல பிளேயர்கள் மூடும் நேரத்தில்தான் அமைப்புகளை எழுதுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பியில் இன்று செய்த மாற்றம் இருக்காது. சில சமயம் பைலே அரைகுறையாக வரும்.

புது மெஷினில் அதே பதிப்பை நிறுவி, ஒரு தடவை திறந்து மூடுங்கள். இப்போது ரோமிங்கில் புது ஃபோல்டர் உருவாகியிருக்கும். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழையதை அந்த இடத்தில் போடுங்கள். ஏதாவது தகராறு என்றால் திரும்பிப் போக வழி இருக்கும். பிளேயர் திறந்திருக்கும்போது மட்டும் போடாதீர்கள். மூடும்போது தன்னிடம் உள்ள வெற்று அமைப்பை அதன்மேல் எழுதிவிடும். பிறகு காப்பி வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அதே பதிப்பு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மெஷின் மாறுவதும் பதிப்பு மாறுவதும் ஒரே நாளில் நடந்தால், எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் குடிபெயருங்கள். எல்லாம் பாடுகிறதா என்று பார்த்த பிறகு அப்கிரேட் செய்துகொள்ளலாம்.

பிளேலிஸ்ட் பெயர்களெல்லாம் வந்துவிட்டன. ஒரு பாட்டும் ஓடவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது.

பிளேலிஸ்ட்டுக்குள் பாட்டு கிடையாது, பாட்டின் முகவரிதான் இருக்கிறது. ‘டி டிரைவ், பாட்டு ஃபோல்டர், மங்கள இசை, மூன்றாவது பைல்’ என்கிற மாதிரி முழு முகவரி. பழைய லேப்டாப்பில் டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்து, டி-யில் பாட்டு வைத்திருப்போம். இப்போது கடையில் வாங்கும் லேப்டாப் பெரும்பாலும் ஒரே சி டிரைவோடு வருகிறது. பாட்டுகளை டெஸ்க்டாப்பில் கொட்டிவிட்டுப் பிளேயரைத் திறந்தால், அது இல்லாத டி டிரைவைத் தேடிக்கொண்டு நிற்கும்.

சுலபமான வழி, பழைய முகவரியைப் புது மெஷினில் உண்டாக்கிவிடுவதுதான். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து, சி டிரைவில் வலது கிளிக் செய்து ‘ஷ்ரிங்க்’ கொடுத்துக் கொஞ்சம் இடம் பிரித்து, அதற்கு டி என்று எழுத்துக் கொடுங்கள். டி ஏற்கெனவே கார்டு ரீடருக்கோ வேறு எதற்கோ போயிருந்தால், முதலில் அதற்கு வேறு எழுத்துக் கொடுத்து நகர்த்துங்கள். பிறகு பாட்டு ஃபோல்டரை அதே பெயரில், அதே அடுக்கில் வையுங்கள். ‘பாட்டு’ என்று இருந்ததை ‘பாட்டுகள் புதுசு’ என்று மாற்றினால்கூட முகவரி தப்பு.

பாட்டெல்லாம் வெளி ஹார்டு டிஸ்கில் இருந்தால் அதற்கு எம் அல்லது அதற்குப் பின்னால் உள்ள எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். அதையும் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யலாம். ஈ, எஃப் என்று முன்வரிசை எழுத்தில் விட்டால், கல்யாண வீட்டுக்காரர் தன் பென் டிரைவைக் கொண்டுவந்து முதலில் செருகிய அன்று எழுத்து மாறிப்போகும். வாசலில் மாப்பிள்ளை அழைப்பு வந்து நிற்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் பாட்டு வைக்காதீர்கள். விண்டோஸ் 11-இல் ஒன்டிரைவ் பேக்கப் இயங்கினால் அந்த ஃபோல்டர்களின் உண்மையான இடமே மாறிவிடுகிறது.

டிரைவ் எழுத்தை மாற்ற முடியாது என்றால்?

பிளேலிஸ்ட்டைப் பழைய மெஷினிலேயே எம்3யு8 என்ற வகையில் சேமித்துக்கொள்ளுங்கள். அது நோட்பேடில் திறக்கக்கூடிய டெக்ஸ்ட் பைல், ஒரு வரிக்கு ஒரு பாட்டு. ‘ரீப்ளேஸ்’ கொடுத்துப் பழைய முகவரியின் முன்பகுதியைப் புதியதாக மாற்றி, யுடிஎஃப்-8 ஆகச் சேமித்துவிட்டுப் பிளேயரில் திறந்தால் போதும். நூறு பிளேலிஸ்ட் வைத்திருப்பவருக்கு இது ஒரு மத்தியான வேலை. அதனால்தான் எழுத்தைச் சரிசெய்யும் வழியை முதலில் சொன்னேன்.

அப்படிச் சேமித்தேன். தமிழில் பெயர் வைத்த பாட்டுகள் மட்டும் வெறும் கேள்விக்குறியாக வந்தன.

நீங்கள் சேமித்தது எம்3யு. கடைசியில் 8 இல்லை. எட்டு இல்லாத பழைய வகை, கம்ப்யூட்டரின் பழைய எழுத்துக்குறியீட்டில் எழுதும். விண்டோஸில் தமிழுக்கு அப்படியொரு பழைய குறியீடே கிடையாது. தமிழ் யூனிகோடில் மட்டும்தான் உண்டு. ஆகவே ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிட்டது. அந்த பைலை வைத்துக்கொண்டு திரும்ப மீட்க முடியாது. பழைய மெஷினுக்கே போய் எம்3யு8 ஆக மறுபடி சேமிக்க வேண்டும். பழைய மெஷினை உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

பாட்டின் உள்ளே இருக்கும் பெயர் பொருளில்லாத ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தால் அது வேறு கதை. பழைய சிடி கடைக்காரர்கள் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்துவைத்த பெயர் அது. பழைய மெஷினிலும் அப்படித்தான் இருந்திருக்கும். மாற்றலில் கெட்டது இல்லை.

ஃபூபாரில் சேர்த்திருந்த கூடுதல் கம்போனன்ட் (துணை நிரல்) பாதி காணோம்.

பழைய மெஷினில் 32 பிட் ஃபூபாரும், புதியதில் 64 பிட் ஃபூபாரும் போட்டிருப்பீர்கள். 32 பிட்டுக்கு எழுதிய கம்போனன்ட் 64 பிட்டில் ஏறாது. ஒவ்வொன்றுக்கும் 64 பிட் பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் இரண்டாம் பதிப்பையே 32 பிட்டில் இறக்கி நிறுவுங்கள். புது விண்டோஸில் அது நன்றாகவே ஓடும். பாட்டுப் போடும் வேலைக்கு 64 பிட்டால் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஈக்வலைசர் அச்சு அசலாக வந்துவிட்டது. ஆனால் குழாயில் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறதே?

ஈக்வலைசர் என்பது பழைய மெஷினின் ஒலிக்கும் உங்கள் ஆம்ப்புக்கும் குழாய்க்கும் சேர்த்து நீங்கள் பார்த்து வைத்த கணக்கு. அதில் ஒன்று மாறினால் கணக்கு மாறும்.

முதலில் பார்க்க வேண்டியது, புது லேப்டாப்போடு வந்த ‘சவுண்ட் என்ஹான்ஸ்மென்ட்’. சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் கேட்கட்டும் என்று தயாரிப்பாளர்களே கீழ் ஒலியை உயர்த்தி, சத்தத்தை அமுக்கிச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். அது பிளேயருக்குப் பின்னால் நடக்கும் வேலை, பிளேயரில் தெரியாது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய், நீங்கள் பயன்படுத்தும் ஒலிக்கருவியைத் தட்டினால் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்று இருக்கும். அணைத்துவிடுங்கள். லேப்டாப் நிறுவனத்தின் சொந்த ஒலி ஆப் தனியாக இருந்தால் அதையும்.

குழாய்க்கு இது ரசனை சார்ந்த விஷயம் மட்டும் இல்லை. குழாயின் யூனிட்டுக்கு, அதாவது ஒலி எழுப்பும் பகுதிக்கு, கீழ் ஒலி ஆகாது. நாதஸ்வரமும் குரலும் தெளிவாகப் போகும் நடு ஒலிக்குத்தான் அது செய்யப்பட்டது. வேண்டாத பேஸ் போனால் அதனுள் அதிரும் மெல்லிய டயஃப்ரம் அடிபடும். அதனால்தான் விவரமான செட்காரர்கள் குழாய்க்கு ஒரு பிரீசெட், பாக்ஸ் ஸ்பீக்கருக்கு ஒரு பிரீசெட் என்று வைத்திருப்பார்கள். கீழ்ப்பட்டைகளை இறக்கிவைத்த அந்தக் குழாய் பிரீசெட் வராமல் புது மெஷினை நேராக மாட்டினால் யூனிட்டுக்குத்தான் செலவு. முதல் தடவை குறைந்த சத்தத்தில் வைத்துச் சோதியுங்கள்.

பிரீசெட்களைத் தனி பைலாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வின்ஆம்ப்பில் ஈக்வலைசர் ஜன்னலின் பிரீசெட்ஸ் பட்டனிலேயே சேமிக்கலாம். அதோடு திரையை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பட்டையைக் கையால் வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. எண் ஞாபகம் இருந்தால்தான்.

பிளே கொடுத்தால் ‘டிவைஸ் இல்லை’ என்று வருகிறது.

பழைய அமைப்பில் பழைய சவுண்ட் கார்டின் அடையாளம் பதிந்திருக்கிறது. ஃபூபாரில் பிரிஃபரன்ஸஸ், பிளேபேக், அவுட்புட் போய்ப் புதியதைத் தேர்ந்தெடுங்கள். யுஎஸ்பி சவுண்ட் கார்டு வைத்திருந்தால் அதை எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள். துளை மாறினால் சில கார்டுகளை விண்டோஸ் புதுக் கருவியாக நினைத்துக்கொள்ளும்.

இந்த இடத்திற்கு வந்ததோடு இன்னொன்றையும் சரிசெய்துவிடலாம். பட்டியலில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று குறித்த வரியைத் தேர்ந்தெடுத்தால், பாட்டு ஓடும்வரை அந்தக் கார்டை வேறு எந்தப் புரோகிராமும் தொட முடியாது. அர்ச்சனை நடுவே வாட்ஸ்ஆப் மணி ஊர் முழுக்கக் கேட்பது நிற்கும். பாட்டை நிறுத்தியதும் வழி திறந்துவிடும் என்பதால் விண்டோஸின் ‘நோ சவுண்ட்ஸ்’ திட்டத்தையும் போட்டுவிடுங்கள். வாட்ஸ்ஆப்பின் மணியை அதன் செட்டிங்ஸிலேயே அணைக்க வேண்டும்.

கெட்டிமேளத்துக்கு ஒரு சாவி வைத்திருந்தேன். அது வேலை செய்யவில்லை.

மேளம் வைக்காத சின்னக் கல்யாணத்தில் அந்தச் சாவிதான் முக்கியம் என்று தெரியும். ஷார்ட்கட் அமைப்பு ஃபோல்டரோடு வந்துவிடும். ஆனால் எஃப் வரிசைச் சாவிகளில் வைத்திருந்தால், புது லேப்டாப்பில் அவை வெளிச்சம், ஒலி என்று வேறு வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கும். ‘எஃப்என்’ சாவியோடு ‘எஸ்கேப்’ அழுத்தினால் பல மெஷின்களில் மாறிவிடும். இல்லாவிட்டால் விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்பில் மாற்ற வேண்டும். வேறு ஜன்னல் மேலே இருக்கும்போதும் சாவி வேலை செய்ய, ஃபூபாரில் ‘குளோபல்’ என்ற டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை தடவை ஓடியது, எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம்?

ஃபூபாரில் அந்தக் கணக்கு டேட்டாபேஸில் இருக்கிறது, ஃபோல்டரோடு வரும். பாட்டு பைலுக்குள் எழுதப்பட்டிருந்தால்தான் பாட்டை மட்டும் தனியாக எடுத்தாலும் கூடவே போகும். ஒலியளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் மட்டும் பெரும்பாலும் பைலுக்குள்ளேயே எழுதப்படுவதால் அதற்குப் பயமில்லை.

பழைய லேப்டாப் ஆனே ஆகவில்லை சார். எல்லாம் போச்சா?

மழைக்காலம் முடிந்தால் இந்தக் கேள்வி வரிசையாக வரும். ஈரம், இடி, வோல்டேஜ் ஏற்ற இறக்கம் என்று பல காரணம். போர்டு போயிருக்கும், டிஸ்க் பெரும்பாலும் பிழைத்திருக்கும். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டுப் புது மெஷினில் செருகி, அதில் யூசர்ஸ், பழைய பெயர், ஆப்டேட்டா, ரோமிங் என்று போங்கள். அனுமதி இல்லை என்றால் ‘கன்டினியூ’ கொடுங்கள். விண்டோஸ் 11 மெஷின்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கின் பக்கத்திலேயே கிடைக்கும்.

டிஸ்க்கே கடகடவென்று சத்தம் போட்டால் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள்.

அரசு கொடுத்த லேப்டாப்பில் லினக்ஸில்தான் போடுகிறேன். ரிதம்பாக்ஸ்.

உங்கள் ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோலும் ‘ஹெச்’சும் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளி-லோக்கல், ஷேர், ரிதம்பாக்ஸ் என்று போனால் லைப்ரரியும் பிளேலிஸ்டும் இரண்டு எக்ஸ்எம்எல் பைல்களாக இருக்கும். மற்ற விருப்பங்கள் டிகான்ஃப் என்ற பொது இடத்தில் இருப்பதால் அவை இந்த ஃபோல்டரோடு வராது. கையால் வைத்துக்கொள்வது வேகம்.

ஐடியூன்ஸ்?

‘மியூசிக்’கில் உள்ள ஐடியூன்ஸ் ஃபோல்டரை முழுசாக மாற்றிவிட்டு, ஷிஃப்ட் சாவியை அழுத்திக்கொண்டே ஐடியூன்ஸைத் திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும். காட்டிக்கொடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் இந்தப் பாடு படாமல் இருக்க வழி உண்டா?

உண்டு. போர்ட்டபிள் முறையில் நிறுவுவது. தொழிலுக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஃபூபார் நிறுவும்போதே ‘ஸ்டாண்டர்டா, போர்ட்டபிளா’ என்று கேட்கும். போர்ட்டபிள் என்று சொல்லி, புரோகிராம் ஃபைல்ஸில் வைக்காமல், பாட்டு இருக்கும் டிரைவிலேயே ஒரு ஃபோல்டர் காட்டுங்கள். இரண்டாம் பதிப்பில் அதற்குள் ‘புரொஃபைல்’ என்ற ஃபோல்டர் உருவாகி, எல்லா அமைப்பும் அதில் போய்ச் சேரும். ஏற்கெனவே ஸ்டாண்டர்டாக வைத்திருப்பவர்கள், ரோமிங்கில் உள்ள ‘வி2’ ஃபோல்டரின் உள்ளடக்கத்தை அந்தப் புரொஃபைலுக்குள் காப்பி செய்தால் முடிந்தது. பிறகு வெளி டிஸ்க் ஒன்றே பாட்டு, பிளேயர், அமைப்பு எல்லாம். எந்த லேப்டாப்பில் செருகினாலும் டிரைவ் எழுத்தை மட்டும் ஒரு தடவை சரிபார்த்தால் போதும். அவுட்புட் கருவியை மட்டும் புதிதாகக் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாம் ஒரே டிஸ்கில் என்பதால், கரண்ட் போன நேரத்திலும் பாட்டு ஓடும்போதும் அதை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்த பிறகே எடுக்க வேண்டும். இன்னொரு டிஸ்கில் நகலும் வேண்டும். நகல் ஜெனரேட்டர் வண்டியிலேயே கூடப் போகாமல் வீட்டில் இருக்கட்டும்.

இதை எப்போது செய்வது நல்லது?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் பலரும் இப்போதுதான் மெஷின் மாற்றுகிறார்கள். ஆடியில் மாரியம்மன் கோயில்கள், தை முதல் பங்குனி வரை கல்யாணமும் திருவிழாவும். அந்த மாதங்களில் கை வைக்காதீர்கள். முகூர்த்தம் குறைந்த புரட்டாசி தோது. மாற்றிய பிறகு பழைய மெஷினை ஒரு சீசன் முழுக்க வண்டியிலேயே வைத்திருங்கள். அதன் பாட்டரி செத்திருந்தாலும் சார்ஜரோடு.